எட்டு வருஷம் நின்ன செயின் லோடர், செல்ப் அடிக்கறதுக்கு முன்னாடி

கேள்வி: அண்ணே வணக்கம். எங்கப்பா குவாரிக்கு வாங்கின பழைய கேட்டர்பில்லர் 955 எல் செயின் லோடர், அவர் தவறினதுக்கு அப்புறம் எட்டு வருஷமா புளியமரத்தடியிலயே நிக்குது. சைலன்சர் பைப்புக்கு மூடி கூட இல்ல. பழைய இரும்புக்காரர் எடைக்கு கேக்கறார், அம்மாவுக்கு குடுக்க மனசே வரல. புது பேட்டரி ரெண்டு வாங்கிட்டேன், வர்ற ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணி பாக்கலாம்னு இருக்கேன். வேற ஏதாவது பாக்கணுமா?
- வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: தம்பி, முதல்ல அந்த பேட்டரிய வீட்டுக்குள்ளயே வைங்க, ஞாயித்துக்கிழமை செல்ப் அடிக்கவே அடிக்காதீங்க. மூடி இல்லாத சைலன்சர்னு எழுதியிருக்கீங்களே, எனக்கு பயமே அங்கதான். வண்டி நிக்கும்போது ஏதாவது ஒரு சிலிண்டர்ல எக்ஸாஸ்ட் வால்வு தொறந்துதான் இருக்கும், எட்டு மழைக்காலத்து தண்ணி அந்த வழியா நேரா பிஸ்டன் மேல போய் உக்காந்திருக்கும். எனக்கு இருபத்திரண்டு வயசுல ஒரு குவாரியில ஒரே ஒரு மழைக்காலம் நின்ன டோசருக்கு நான் இதே மாதிரி அவசரப்பட்டு செல்ப் அடிச்சேன், இன்ஜின் அரை சுத்து சுத்தி டொக்குனு நின்னுச்சு, பிரிச்சு பாத்தா கனெக்டிங் ராடு வளைஞ்சு கெடக்கு. காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது, அவ்ளோதான் விஷயம். அந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

ஆனா இன்ஜின தொடறதுக்கும் முன்னாடி வண்டிக்கு அடியில போய் பாருங்க. செயின் வண்டிக்கு ஆகற ரிப்பேர் செலவுல பாதி கிட்ட கீழ்பாகத்துக்கே போயிடும்னு எங்க தொழில்ல சொல்லுவோம், அது உண்மை. ஸ்பிராக்கெட் (செயின இழுக்கற பல் சக்கரம்) பல்லு நுனி கூரா தேஞ்சிருக்கா, புஷ் (செயின் இணைப்புல பின்ன சுத்தி இருக்கற, பல்லு வந்து பிடிக்கற இரும்பு குழாய்) ஒரு பக்கம் எவ்ளோ தேஞ்சிருக்கு, வண்டி எடைய செயின் மேல தாங்கற ரோலர்ல ஆயில் கசிஞ்ச தடம் இருக்கா, எல்லாத்தையும் மண்ண சுரண்டிட்டு பாருங்க. புஷ் பாதி தேய்மானத்துல இருந்தா செயின கழட்டி பின்னையும் புஷ்ஷையும் 180 டிகிரி திருப்பி போட்டுக்கலாம், தேயாத பக்கம் பல்லுக்கு வரும், அதே செயின் இன்னும் ரொம்ப நாள் ஓடும். புஷ் ஓட்டை விழுற அளவுக்கு தேஞ்சு, பல்லும் கூராயிட்டா செயின், ஸ்பிராக்கெட், ரோலர்னு மொத்தமா மாத்தணும், அந்த பில்லு இன்ஜின் வேலையையே தூக்கி சாப்பிட்டுரும். அதனால வண்டிய எழுப்பலாமா வேண்டாமாங்கறத இன்ஜின் சத்தத்த கேட்டு முடிவு பண்ணாதீங்க, செயின பாத்து முடிவு பண்ணுங்க.

செயின் தேறும்னா இன்ஜினுக்கு வாங்க. உங்க வண்டியில இருக்கறது கேட்டர்பில்லர் 3304 இன்ஜின், நாலு சிலிண்டர், 7 லிட்டர், 130 குதிரை சக்தி. நல்ல இன்ஜின். இதே இன்ஜின் 930 டயர் லோடர்ல, 120 ஜி கிரேடர்ல, ஜெனரேட்டர்லனு பல இடத்துல ஓடினதால சாமான் தேடி அலைய வேண்டியதில்ல.

இன்ஜின் அடியில இருக்கற ஆயில் பேன் டிரெயின் பிளக்க முழுசா கழட்டாம நாலு மரை மட்டும் லூஸ் பண்ணி கீழ ஒரு கண்ணாடி டம்ளர் பிடிங்க. தண்ணி ஆயில விட கனம், அதனால அடியில தங்கியிருக்கும், உள்ள போயிருந்தா கருப்பு ஆயிலுக்கு முன்னாடி அதுதான் நூலாட்டம் எறங்கும். கால் டம்ளர் வந்துச்சுனா அது எந்த வழியா போச்சுனு கண்டுபிடிக்காம அடுத்த வேலைக்கு போகாதீங்க. அப்புறம் சிலிண்டருக்குள்ள டீசல பீச்சற நாசில் நாலையும் கழட்டி, ஒவ்வொரு சிலிண்டர்லயும் டீசலும் ஆயிலும் சமமா கலந்து கொஞ்சம் ஊத்தி மூணு நாலு நாள் ஊற விடுங்க. ஊறினதும் நாசில் மாட்டாமலே நீள பார் போட்டு கையால முன்ன பின்ன அசைச்சு பாருங்க, துளி அசைஞ்சா போதும், மறுபடி ஊத்தி மறுநாள் வாங்க. ரெண்டு முழு சுத்து கையால சுத்தினதுக்கு அப்புறம்தான் பேட்டரி, அதுவும் முதல்ல நாசில் இல்லாமலே சுத்தி உள்ள இருக்கறத வெளிய தள்ளிருங்க, ஓட்டைக்கு நேரா யாரும் நிக்கக்கூடாது.

டீசல் டேங்க கழுவி, பில்டர் மாத்தி, ஏர் கிளீனர தொறந்து பாருங்க, எலிக்கூடு இல்லாத நின்ன வண்டிய நான் பாத்ததே இல்ல. அடுத்து நான் சொல்றத தயவுசெஞ்சு விட்றாதீங்க. ரொம்ப நாள் நின்ன டீசல் பம்ப்ல உள்ள இருக்கற ரேக் (எவ்ளோ டீசல் போகணும்னு கூட்டி குறைக்கற பல் தண்டு) பிசின் பிடிச்சு ஒட்டிக்கும். அது டீசல் முழுசா போற நிலையில ஒட்டியிருந்தா ஸ்டார்ட் ஆன உடனே இன்ஜின் கட்டுப்பாடில்லாம ரேஸ் ஏறும், லிவர இழுத்தாலும் ஆப் ஆகாது. பம்ப் சைடு கவர தொறந்து ரேக் தாராளமா போய் வருதான்னு கண்ணால பாத்துட்டுதான் ஸ்டார்ட் பண்ணணும். அப்பவும் ஏர் கிளீனர் பைப்ப கழட்டி வச்சு, ரேஸ் ஏறினா காத்த அடைச்சு ஆப் பண்ண, அந்த வாயை மூடற அளவுக்கு ஒரு பலகையோட ஒருத்தர் பக்கத்துல நிக்கணும். கைய வச்சோ துணிய வச்சோ மூட கூடாது, உள்ள இழுத்துரும்.

வண்டிய எழுப்பினா ஒரு வரி எழுதுங்க, எந்த நாள்ல ஓடுச்சுனு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு.

கேள்வி: எங்க பழைய டோசர் செயின் தொங்குது. கிரீஸ் அடிச்சும் டைட் ஆகல, கிரீஸ் அழுத்தத்துல செயின இறுக்கற அட்ஜஸ்டர தொறந்து பாக்கலாமா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: தனியா தொறக்காதீங்க. அந்த கிரீஸ் பின்னாடி பெரிய ஸ்பிரிங் ஒண்ணு டன் கணக்குல அழுத்திக்கிட்டு நிக்குது. கிரீஸ் விடணும்னா ரிலீப் வால்வ ஒரே ஒரு சுத்து மட்டும் லூஸ் பண்ணணும், அதுக்கு மேல போனா வால்வே குண்டு மாதிரி பறக்கும், முகத்த நேரா வச்சு பாக்கவே கூடாது. கிரீஸ் எவ்ளோ அடிச்சாலும் நிக்கலனா உள்ள சீல் போயிருக்கு, அது ஒர்க் ஷாப் வேலை. டைட் ஆனதுக்கு அப்புறம் செயின மேல தாங்கற மேல் ரோலர்ல இருந்து ஐட்லர் (முன்னாடி இருக்கற பல்லில்லாத பெரிய சக்கரம்) வரைக்கும் ஒரு நூல கட்டி, செயின் அந்த நூலுக்கு கீழ எவ்ளோ தொங்குதுனு அளந்து உங்க வண்டி மேனுவல்ல இருக்கற அளவோட ஒத்து பாருங்க. ரொம்ப முறுக்கி வச்சா புஷ் சீக்கிரம் தேஞ்சு போகும்.

கேள்வி: லோடர் பக்கெட்ட தூக்கி வச்சா தானா எறங்குது. ஹோஸ்ல கசிவும் இருக்கு, எங்கனு தெரியல.
- வாசகர், சேலம்

பதில்: கசிவ விரலால தடவி தேடாதீங்க, ஊசி முனை ஓட்டையில வர்ற ஆயில் தோலுக்குள்ள ஏறிரும், வலியே இல்லாட்டியும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போகணும், விட்டா கைய எடுக்கற அளவுக்கு போயிடும். ஒரு அட்டைய பிடிச்சு தேடுங்க. பக்கெட் எறங்கறதுக்கு சிலிண்டர் சீலும் காரணமா இருக்கலாம், கன்ட்ரோல் வால்வும் இருக்கலாம். சீல் மாத்தறதுக்கு முன்னாடி சிலிண்டர்ல இருந்து வெளிய நீளற ராட துடைச்சு நகத்தால வருடி பாருங்க, துரு குழி தட்டுப்பட்டா புது சீலையும் அது ஒரே வாரத்துல கிழிச்சிரும். கோயம்புத்தூர்ல ஹார்டு குரோம் பண்ற இடம் நிறைய இருக்கு, ராட அனுப்பி குரோம் போட்டு வாங்கிட்டு அப்புறம் சீல் கிட் போடுங்க. அதுவரைக்கும் தூக்கின பக்கெட்டுக்கு அடியில யாரையும் போக விடாதீங்க, கட்டை முட்டு குடுத்திருந்தாலும்.