எட்டுக் கருவிகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: எங்களுடையது சுமார் 300 பேர் வேலை செய்யும் ஐடி சர்வீசஸ் நிறுவனம். வாடிக்கையாளர்களின் சர்வர்களையும் நாங்களே பராமரிக்கிறோம். ஆன்டிவைரஸ், மின்னஞ்சல் ஃபில்டர், விபிஎன், லாக் (கணினிகளின் செயல்பாட்டுப் பதிவு) சேகரிப்பு என எட்டு கம்பெனிகளின் பாதுகாப்புக் கருவிகள் சேர்ந்துவிட்டன. கவனிக்க மூன்று பேர்தான். எல்லாவற்றையும் ஒரே கம்பெனிக்கு மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் இரண்டை மட்டும் வெளியே வையுங்கள்.

லைசென்ஸ் செலவு குறைவது இரண்டாம்பட்சம். ஒரு திரையில் புது ஊரிலிருந்து லாகின், இன்னொன்றில் நள்ளிரவில் ஓடிய பவர்ஷெல் (விண்டோஸுக்குக் கட்டளையிடும் கருவி), மூன்றாவதில் பெரிய அப்லோடு. தனித்தனியே பார்த்தால் மூன்றும் சாதாரணம். சேர்த்துப் பார்க்க ஆள் இல்லாததுதான் உங்கள் சிக்கல்.

முதலில் லாகின்களை ஒன்றாக்குங்கள். ஊழியர் ஒருவருக்கு ஒரே கணக்கு, எல்லோருக்கும் எம்எஃப்ஏ (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பு), அட்மின்களுக்கு எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதில் ஃபைடோ2 கீ (லாகினை உறுதிசெய்யும் சிறு வன்பொருள் சாவி). 2021இல் அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைனின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், யாரும் பயன்படுத்தாத பழைய விபிஎன் கணக்கு வழியாகத்தான் வந்தார்கள். அதற்கு எம்எஃப்ஏ இல்லை. இந்த வேலையில் இறங்கினால் அப்படிப்பட்ட கணக்குகள் உங்களிடமும் வெளியே வரும்.

அப்புறம் லேப்டாப், சர்வர்களில் ஓடும் ஏஜென்ட், அதாவது ஒவ்வொரு கணினியிலும் இருந்து காவல் காக்கும் பாதுகாப்பு மென்பொருள். நிதானம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். ஒரே கணினியில் இரண்டு ஏஜென்ட் முழுவீச்சில் ஓடினால் ஒன்றையொன்று சந்தேகப்பட்டு மோதிக்கொள்ளும். அதற்காகப் பழையதை ஒரே இரவில் எடுத்துவிடாதீர்கள். 20 கணினிகளில் பார்த்துவிட்டு அணி அணியாக மாற்றுங்கள். பழைய விதிவிலக்குப் பட்டியலை அப்படியே நகலெடுக்கவே கூடாது. என்றோ ஒரு மென்பொருளுக்காக 'ஸ்கேன் செய்யாதே' என்று விட்ட ஃபோல்டர், அந்த மென்பொருள் போன பிறகும் திறந்தே கிடக்கும். மாற்றி முடித்ததும் சொத்துப் பதிவேட்டோடு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பழையதும் இல்லாமல் புதியதும் ஏறாமல் சில கணினிகள் நிற்கும், அவற்றைத் தேடிப் பிடியுங்கள்.

லாக்குகளை அடுத்து ஒரே இடத்தில் சேருங்கள். ஃபயர்வால் அதன் ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்கட்டும்.

சரி, வெளியே வைக்க வேண்டிய இரண்டு: பேக்கப், அவசரகால அட்மின் கணக்கு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனியின் தவறான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அது தாக்குதல்கூட இல்லை. அதுபோன்ற ஒரு நாளில் நீங்கள் எதன் வழியாக உள்ளே போவீர்கள்? பேக்கப்புக்குத் தனி லாகின், அழிக்க முடியாத ஒரு பிரதி, ஒற்றை லாகினைச் சாராத இரண்டு அட்மின் கணக்குகள் வேண்டும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புக் கீகளை வேறிடத்திலும் வையுங்கள்.

வாடிக்கையாளர் சர்வர்களைத் தொடும் ரிமோட் மேலாண்மைக் கருவிதான் எனக்குப் பெரிய கவலை. 2021 ஜூலையில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரீவில் கும்பல், கசேயா கம்பெனியின் விஎஸ்ஏ என்ற ரிமோட் மேலாண்மை மென்பொருள் வழியாக உங்களைப் போன்ற சேவை நிறுவனங்களைத் தாண்டி, அவர்களின் வாடிக்கையாளர்கள்வரை சுமார் 1,500 நிறுவனங்களைத் தாக்கியது. வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் தனி அட்மின் கணக்கு வையுங்கள். கருவி ஒன்றாக இருந்தாலும், இந்தக் கணக்குகளில் ஒருங்கிணைப்பு வேண்டவே வேண்டாம்.

கையெழுத்துக்கு முன் வாடிக்கையாளர் ஒப்பந்தங்களைப் புரட்டுங்கள். கருவி மாறினால் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லியிருக்கலாம். புது கம்பெனியிடம், பின்னாளில் விலகினால் எங்கள் லாக்குகளை எந்த வடிவத்தில் தருவீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.