தங்கச்சிமடத்துக்கு ஒரு பழைய பென்ஸ்: வாங்கலாமா, மாற்றலாமா?

கேள்வி: வயது 54. ஊர் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம். குவைத்தில் ஒரே வீட்டில் 19 வருஷம் டிரைவராக இருந்தேன். அதில் எட்டு வருஷம் ஓட்டியது வெள்ளை பென்ஸ், பழைய ‘டபிள்யூ 124’ மாடல். ஊர் திரும்பி மூன்று வருஷம் ஆகிறது. மல்லிகை நாற்றுப் பண்ணையில் மாதம் 25,000 வருகிறது, வீட்டுச் செலவுக்குச் சரியாக இருக்கிறது. வங்கியில் 24 லட்சம் டெபாசிட். கடன் இல்லை. மகள் வேலைக்குப் போய்விட்டாள், மகன் பிளஸ் ஒன். மதுரை புரோக்கர் ஒருவரிடம் 1996 பென்ஸ் இ 220 (அதே மாடல்தான்), டெல்லி பதிவு, 3,25,000 சொல்கிறார். காரைக்குடியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரிடம் அதே வருஷ வண்டி, தமிழ்நாட்டுப் பதிவு, ஆர்.சி. புதுப்பித்தது, ஏ.சி. ஓடவில்லை, 4,60,000. மச்சினன் டெல்லி வண்டியை எடுக்கச் சொல்கிறான். டீசல் இன்ஜின் வைத்து, உயரத்தைக் குறைத்து, 18 இன்ச் வீல், எல்.இ.டி. லைட், கறுப்பு பெயிண்ட் எல்லாம் 3,50,000க்கு முடித்தால் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு 10 லட்சத்துக்கு விற்கலாம் என்கிறான். அந்த 3,50,000க்கு நகையை அடகு வைக்க யோசனை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வீடு கடலிலிருந்து 200 மீட்டர். என்ன செய்யட்டும்?

பதில்: அண்ணே, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். காரைக்குடி வண்டியை வாங்கலாம். அதில் எதையும் மாற்றக் கூடாது. நகையைத் தொடவே கூடாது.

பிறர் வண்டியை 19 வருஷம் ஓட்டிய மனிதருக்கு அதே வண்டி தன் பெயரில் நிற்க வேண்டும் என்ற ஆசை வருவதில் தப்பே இல்லை. இதை ‘வெட்டிச் செலவு’ என்று ஒற்றை வரியில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆசைக்கு ஒதுக்கும் பணம் எவ்வளவு என்பதை வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். நீங்கள் வண்டியைப் பார்த்தாயிற்று. பரவாயில்லை, இப்போது கணக்குப் போடுவோம்.

24 லட்சத்தில் ஒரு வருஷ வீட்டுச் செலவுக்கு 3 லட்சம் தனியே இருக்கட்டும். புயல் வந்து நாற்று அழிந்தால் அதுதான் அரிசி. மகன் இன்னும் இரண்டு வருஷத்தில் கல்லூரிக்குப் போவான், அதற்கு 7 லட்சம். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய உங்களுக்குப் பென்ஷன் இல்லை. ஆகவே முதுமைக்கும் மருத்துவத்துக்கும் 8 லட்சத்தை அசைக்கக் கூடாது. மீதி 6 லட்சம். வண்டி விலை, பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், முதல் வருஷப் பழுது எல்லாம் இந்த 6 லட்சத்துக்குள் அடங்க வேண்டும். இதே 6 லட்சம் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் கிடந்தால், 2023 ஏப்ரலில் வைத்த 7.4 சதவீதக் கணக்கில் மாதம் 3,700 வரும். வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் அந்த 3,700 மாதாமாதம் உங்கள் கையை விட்டுப் போகிறது. அது தெரிந்தும் வேண்டும் என்றால் வாங்குங்கள்.

இனி டெல்லி வண்டி. அது ஏன் மலிவு? தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015 உத்தரவும், 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் சேர்ந்து, 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டியும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் டெல்லிச் சாலையில் ஓட முடியாத நிலையை உண்டாக்கின. அங்கே மதிப்பிழந்தவை நம் பக்கம் வருகின்றன. உங்கள் 1996 வண்டிக்கு 15 வருஷம் 2011லேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு பதிவு புதுப்பிக்கப்பட்டதா, ரத்தாகிவிட்டதா என்பதை மத்திய அரசின் ‘வாகன்’ தளத்தில் பாருங்கள். ரத்தான பதிவு என்றால் 3,25,000 கொடுத்து நீங்கள் வாங்குவது பழைய இரும்பு. பதிவு உயிரோடு இருந்தாலும் டெல்லியிலிருந்து படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, டி.என். 65 எண் பெற வேண்டும். வரி எவ்வளவு என்று ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்பதற்கு முன்னால் ஒரு ரூபாய் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். புரோக்கர் ‘அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்’ என்பார். தொகை முழுவதையும் வாங்கிய பிறகு அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். பென்ஸ் நிறுவனம் டெல்கோவோடு (இன்றைய டாடா மோட்டார்ஸ்) சேர்ந்து 1995இல் பூனாவில் தொழிற்சாலை தொடங்கியபோது முதலில் கட்டியது இந்த மாடலைத்தான். அதே முகத்தோடு வெளிநாட்டிலிருந்து நேராக இறங்கிய வண்டிகளும் நாட்டில் உண்டு. பதிவைப் புதுப்பிக்கும்போது இரண்டுக்கும் கட்டணம் வேறு. 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 20 வருஷம் தாண்டிய சாதாரண காருக்கு 10,000, இறக்குமதி காருக்கு 80,000. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இதைக் கட்ட வேண்டும். இதுபோகப் பசுமை வரி தனி. ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

(குவைத்திலிருந்தே ஒன்றைக் கொண்டுவரலாமே என்று நண்பர்கள் யாராவது சொல்லலாம். பழைய கார் இறக்குமதிக்கு மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். நீங்கள் அங்கே ஓட்டியது இடப்பக்க ஸ்டியரிங். அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.)

மச்சினனின் திட்டத்தில் எனக்குப் பயம் தருவது இன்ஜின் மாற்றம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்து ஆர்.சி.யில் பதிவான விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பெட்ரோல் என்று பதிவான வண்டியில் டீசல் இன்ஜின் இருந்தால் அடுத்த புதுப்பிப்பில் ஆய்வாளர் முன் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து இன்ஷூரன்ஸில் இருக்கிறது. பாம்பன் பாலத்தில் ஒரு விபத்து நடந்து, வண்டி பதிவில் உள்ளபடி இல்லை என்று தெரிந்தால், இழப்பீட்டை மறுக்க கம்பெனிக்கு வழி கிடைத்துவிடலாம். பிறகு உங்கள் 24 லட்சமும் பணயத்தில்தான்.

உயரத்தைக் குறைப்பது நம் தீவுக்குப் பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டோரம் தேங்கி நிற்கும் தண்ணீர் உப்புத் தண்ணீர். வண்டி தாழத் தாழ அது அடிவயிற்றில் ஏறும். வீல் விஷயத்தில் கம்பெனி கொடுத்ததே உங்களுக்கு லாபம். அதன் டயர் 195/65 ஆர் 15, இன்றைக்கும் பல கார்களுக்குப் போடுகிற அளவு, எந்த ஊரிலும் கிடைக்கும். 18 இன்ச் போட்டால் டயருக்கும் கூடுதல் செலவு, குழியில் விழுந்தால் ரிம்முக்கும் செலவு. கறுப்பு பெயிண்ட் அடித்தால் ஆர்.சி.யில் நிறத்தையும் மாற்ற வேண்டும். எட்டு வருஷம் வெள்ளை வண்டி ஓட்டிவிட்டு, நீங்களே கறுப்பு கேட்பீர்களா என்பதும் எனக்குச் சந்தேகம்.

10 லட்சத்துக்கு விற்கும் கதைக்கு வருகிறேன். இந்த வயது வண்டிக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை. வாங்குகிறவர் முழுப் பணத்தையும் கையில் கொண்டுவர வேண்டும், ஆகவே வாங்குகிற கூட்டமே சிறியது. அந்தச் சிறிய கூட்டத்தில் பழைய பென்ஸுக்கு நல்ல விலை கொடுப்பவர்கள் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இன்ஜின் மாறிவிட்டது என்றால் அவர்கள் அப்படியே நடையைக் கட்டிவிடுவார்கள். 2021இல் வந்த விதிப்படி 50 வருஷம் கடந்த வண்டிக்குத்தான் ‘விண்டேஜ்’ பதிவு. சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. 1996 வண்டிக்கு அந்தத் தகுதி 2046இல் வரும். மகன் காலத்துக்கு ஒரு பெருமை மிச்சமிருக்கட்டும்.

நகை: ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும் 3,50,000க்கு வருஷம் 35,000. மூன்று வருஷம் வட்டி மட்டும் கட்டினால் 1,05,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். தேய்கிற பொருளை வாங்க, தேயாத பொருளை அடகு வைக்கக் கூடாது. வீட்டில் சொல்லவில்லை என்று எழுதியிருந்ததைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. நீங்கள் குவைத்தில் இருந்த 19 வருஷமும் இந்த வீட்டையும் பிள்ளைகளையும் பண்ணையையும் தாங்கியவர் உங்கள் மனைவிதான். இன்றைக்கே சொல்லுங்கள்.

இனிமேல் நான் சொல்லப்போவதுதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும். நான் பாம்பனுக்கு எதிர்க்கரையில் உள்ள மண்டபத்தில் வளர்ந்தவன். எங்கள் அப்பாவின் அம்பாசடர் ஒன்பதே வருஷத்தில் பின் சீட்டுக்குக் கீழே தரை விட்டுப்போனது. தகடு வைத்து வெல்டிங் செய்து பட்டி போட்டோம். இரண்டு வாடைக்காலம் தாங்கவில்லை, பட்டிக்கு அடியிலிருந்தே துரு மறுபடி கிளம்பியது. காரைக்குடி சிக்ரி ஆய்வகம் இரும்புத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அரிப்பை அளக்க மண்டபத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் என்ற அரிப்புத் தடுப்புப் பூச்சும் தேவைப்பட்டன. அந்தக் காற்றில்தான் உங்கள் வண்டியும் நிற்கப் போகிறது, ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல்.

ஆகவே மச்சினன் சொன்ன 3,50,000இல் பாதிக்கும் குறைவான பணத்தை உப்புக்கு எதிராகச் செலவிடுங்கள். காரைக்குடி டாக்டரிடம் ஏ.சி.யைக் காட்டி 4,20,000க்குப் பேசி முடியுங்கள். கடல் காற்று நேரடியாகப் படாத ஊரில் வளர்ந்த பாடி என்பதற்காகவே அந்தக் கூடுதல் விலை தகும். மிச்சம் 1,80,000. அதில் முதல் வேலை, பாடியின் உள்கூடுகளுக்குள் துருத்தடுப்பு மெழுகு அடிப்பதும் அடித்தட்டுக்குப் பூச்சும். இரண்டாவது இன்ஜின் வயரிங். 90களில் வந்த இந்த மாடல்களில் வயர் மேலுறை இன்ஜின் சூட்டில் காய்ந்து உதிர்வது பழைய பென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்த குறை. மூன்றாவது பெட்ரோல் ஹோஸ்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 1996 ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், நம் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வாரக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள். ஏ.சி. இதற்கெல்லாம் பிறகு.

வண்டியைக் கழுவுவது நல்ல தண்ணீரில் மட்டும். வீட்டு போரில் உப்புத் தண்ணீர் என்றால் அதைக் கொண்டு கழுவுவது உப்பைப் பூசுவதற்குச் சமம். தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே வேர்த்து இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கடல் பக்கம் சுவரும் மறுபக்கம் காற்றோட்டமும் உள்ள ஷெட் வேண்டும். ராமநாதபுரத்துக்குள் நம்பிக்கையான உறவினர் வீட்டில் இடமிருந்தால், வாடைக்காற்று வீசும் மாதங்களில் அங்கே நிறுத்துவது இன்னும் நல்லது.

இன்ஷூரன்ஸில் 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 அறிவிப்பின்படி 7,897 ரூபாய். சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கலாம். ஆனால் இந்த வயதில் ரப்பர், பிளாஸ்டிக், இரும்புப் பாகங்களுக்குப் பாதி மதிப்புதான் கிடைக்கும். பழுதுக்கென்று அந்த 1,80,000இல் 40,000 எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

காரைக்குடிக்குப் போகும்போது ஒரு காந்தத்தைக் கையில் கொண்டுபோங்கள். சக்கர வளைவிலும் கதவின் அடியிலும் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. பக்கவாட்டு பிளாஸ்டிக் பட்டைகளுக்குப் பின்னால் ஜாக்கி வைக்கும் இடங்களில்தான் இந்த மாடல் முதலில் அரிக்கும். அந்த மூடிகளைக் கழற்றி டார்ச் அடியுங்கள். பேட்டரியைத் தூக்கி அடித்தட்டைப் பாருங்கள். இந்த இடங்களில் ஒன்றில் ஓட்டை இருந்தாலும், டாக்டர் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம், வேறு வண்டி வரும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அன்றைக்கு மதினியையும் கூட்டிக்கொண்டு போங்கள், முன் சீட்டில் உட்காரட்டும்.