கணினி கேள்வி பதில்: மெயில் ஃபைலை சர்வரில் வைக்கலாமா?

கேள்வி: எங்களுடையது 12 கம்ப்யூட்டர்கள் உள்ள ஏற்றுமதி அலுவலகம். எல்லோரும் மெயிலுக்கு அவுட்லுக்தான். பழைய மெயில்கள் பி.எஸ்.டி. ஃபைல்களாக அவரவர் கம்ப்யூட்டரில் இருந்தன. ஒருவருடைய ஹார்ட் டிஸ்க் போனதும் முதலாளி எல்லாவற்றையும் சர்வரில் ஷேர் ஃபோல்டருக்கு மாற்றி, அங்கிருந்தே திறக்கச் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவுட்லுக் அடிக்கடி ஹேங் ஆகிறது, இரண்டு பேருக்கு ஃபைலே கெட்டுவிட்டது. சர்வரில் வைப்பது பாதுகாப்புதானே?
- வாசகர், திருப்பூர்

பதில்: முதலாளி நினைத்ததில் பாதி சரி. சர்வரில் இருக்க வேண்டியது காப்பி. நீங்கள் அசலையே கொண்டுபோய் அங்கே வைத்து, அதிலேயே வேலையும் பார்க்கிறீர்கள்.

பி.எஸ்.டி. என்பது அதே கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் இருந்து திறப்பதற்காகச் செய்யப்பட்டது. ஒரு மெயிலைத் திறந்து மூடினாலே ஃபைலுக்குள் அங்கங்கே சின்னச் சின்னதாகப் படிப்பதும் எழுதுவதும் நடக்கும். சொந்த டிஸ்க்கில் இது தெரியாது. நெட்வொர்க்கில் ஒவ்வொன்றும் கேபிள் வழியாகப் போய்வர வேண்டும், காலையில் 12 பேரும் ஒரே நேரத்தில் அவுட்லுக்கைத் திறந்தால் சர்வர் திணறத்தான் செய்யும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போய் நெட்வொர்க் ஸ்விட்ச் (கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டி) ஒரு நொடி அணைந்தாலும் பாதி எழுதிய ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. நெட்வொர்க் ஷேரில் இப்படி வைத்துத் திறக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே பல வருடமாகச் சொல்லி வருகிறது.

அதனால் ஃபைல்களை அவரவர் கம்ப்யூட்டருக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். சாயங்காலம் கிளம்பும்போது சர்வருக்குக் காப்பி போகிற மாதிரி செய்யுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பியும் (ஃபைல்களைக் காப்பி எடுப்பது) டாஸ்க் ஷெட்யூலரும் (குறித்த நேரத்தில் அதைத் தானாக ஓட்டுவது) இதற்குப் போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

ஒரே நிபந்தனை, காப்பி ஓடும்போது அவுட்லுக் மூடியிருக்க வேண்டும். திறந்திருக்கும் வரை ஃபைல் அவுட்லுக்கின் பிடியில்தான் இருக்கும், சாதாரண பேக்கப் அதைத் தொட முடியாமல் தாண்டிப் போய்விடும். இதில் நானே சூடு பட்டிருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் தினமும் இரவு 8 மணிக்கு பேக்கப் ஓடும், காலையில் 'முடிந்தது' என்று பச்சையில் காட்டும், நாங்களும் நிம்மதியாக இருந்தோம். ஒருநாள் கணக்குப் பிரிவில் ஒரு டிஸ்க் போனது. சர்வரில் பார்த்தால் எக்செல் எல்லாம் நேற்றைய தேதியில் இருக்க, பி.எஸ்.டி. மட்டும் ஏழு மாதம் பழசு. அவர் தினமும் ஸ்க்ரீனை லாக் செய்துவிட்டுப் போவாரே தவிர, அவுட்லுக்கை மூடியதே இல்லை! பச்சை விளக்கை நம்பாதீர்கள், காப்பியின் தேதியையும் அளவையும் பாருங்கள். மூடிய பிறகும் சில சமயம் அவுட்லுக் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், டாஸ்க் மேனேஜரில் தெரியும்.

அப்புறம் அளவு. அவுட்லுக் 2010-லிருந்து ஒரு பி.எஸ்.டி. 50 ஜிபி வரை வளரலாம் (2003, 2007-இல் 20 ஜிபி, அதற்கு முந்தைய பழைய வகையில் 2 ஜிபிதான்). வளரலாம் என்பதற்காக வளர விடாதீர்கள். புதிதாகப் பத்தே மெயில் வந்திருந்தாலும் முழு ஃபைலும் மறுபடி காப்பி ஆகும். 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க்கில் 20 ஜிபி போய்ச்சேர எப்படிப் பார்த்தாலும் அரை மணி நேரம், 12 பேருக்கு ஆறு மணி நேரம். வருடவாரியாகப் பிரித்து, பழைய வருட ஃபைல்களை அவுட்லுக்கிலிருந்தே கழற்றி வையுங்கள். தொடாத ஃபைலின் தேதி மாறாது, ரோபோகாப்பி அதை மறுபடி எடுக்காது. தேடும்போது மட்டும் இணைத்தால் போதும்.

ஒரே காப்பியின் மேல் தினமும் எழுதாதீர்கள். இன்று கெட்ட ஃபைல் நேற்றைய நல்ல காப்பியை அழித்துவிடும். திங்கள், செவ்வாய் என்று கிழமைக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள். ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் ஷேர் ஃபோல்டரும் சேர்ந்தே போகும் என்பதால் வாரம் ஒருமுறை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள். அந்த டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்கட்டும். எஃப்ஏடி32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது, இடம் காலியாக இருக்கும்போதே இடமில்லை என்கிற மாதிரி அடம் பிடிக்கும்.

கெட்டுப்போன இரண்டு ஃபைல்களுக்கு ஆஃபீஸ் ஃபோல்டரிலேயே ஸ்கேன்பிஎஸ்டி என்று ஒரு கருவி இருக்கிறது. முதலில் ஃபைலைக் காப்பி எடுத்து, அந்தக் காப்பியில் ஓட்டிப் பாருங்கள். ஒருமுறையில் சரியாகாவிட்டால் இரண்டு மூன்று தடவை ஓட்டலாம். இடம் தெரியாமல் போன மெயில்கள் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரில் வந்து நிற்கும், அவற்றைப் பொறுமையாகப் பிரித்தெடுக்க வேண்டும்.

கேள்வி: என் கம்ப்யூட்டரில் பி.எஸ்.டி. இல்லை, ஓ.எஸ்.டி. என்றுதான் இருக்கிறது. அதைக் காப்பி எடுத்தால் போதுமா?
- வாசகி, சிவகாசி

பதில்: போதாது. ஓ.எஸ்.டி. உங்கள் மெயில் சர்வரில் இருப்பதன் நிழல். அங்கே அழித்தால் இங்கேயும் அழியும், வேறு கம்ப்யூட்டரில் கொண்டுபோய் வைத்தால் நேரடியாகத் திறக்காது. முக்கியமானதை அவுட்லுக்கின் எக்ஸ்போர்ட் வழியாக பி.எஸ்.டி.யாக எடுத்து வையுங்கள். பில் எல்லாம் மெயிலில்தான் வருகிறது என்றால் அவசரப்பட்டுப் பழசை அழிக்க வேண்டாம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை, ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: பி.எஸ்.டி.க்கு பாஸ்வேர்டு போட்டு ஒன்டிரைவில் (மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் சேமிப்பிடம்) வைத்தால் பேக்கப் முடிந்ததா?
- வாசகர், ஓசூர்

பதில்: அந்த பாஸ்வேர்டு ஒப்புக்குத்தான், அதை உடைக்க ஒரு சின்ன புரோகிராம் போதும். தினமும் திறக்கும் பி.எஸ்.டி. ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருந்தால் சிங்க் முடியவே முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவோடு இணைத்திருந்தால் பி.எஸ்.டி. உங்களுக்கே தெரியாமல் உள்ளே போயிருக்கலாம், ஒருமுறை பார்த்துவிடுங்கள். கழற்றி வைத்த பழைய வருட ஃபைல் என்றால் தாராளமாகப் போடுங்கள்.