முதலாளியும் புலம்பெயர்ந்தவரா?

அன்புள்ள ஐயா,

பாரிஸில் ஓர் அமெரிக்கக் குடும்பம் நடத்தும் உணவகத்தில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். கோப்பை கழுவுவதில் தொடங்கினேன். இப்போது அடுப்படியில் நிற்கிறேன். முதலாளி அமெரிக்காவின் தென்மாநிலக்காரர். அவருடைய மனைவி கணக்குப் பார்க்கிறார். மகள் பள்ளிவிட்டு வந்து கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவாள். மாட்டின் நெஞ்சுக்கறியை இரவெல்லாம் விறகுப் புகையில் வைத்து வேகவைப்போம். அதிகாலையில் வந்து நெருப்பைப் பார்ப்பது என் பொறுப்பு. சோளரொட்டியும் என் கையில்தான். தொடக்கத்தில் அது உதிர்ந்துபோய்க்கொண்டே இருந்தது. முதலாளியம்மா இந்த நாட்டு மாவைக் குறை சொன்னார். நான் ஒருநாள் மாவை முதல்நாள் இரவே மோரில் ஊறவைத்துப் பார்த்தேன். உதிரவில்லை. அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது.

சென்ற மாதம் கடை திறப்பதற்கு முன் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது முதலாளி என் தோளில் கை வைத்து, "நாங்களும் உன்னைப் போலப் புலம்பெயர்ந்தவர்கள்தான்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அகதி வழக்கு ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மறுபடி ஏற்றுக்கொள்ளப்பட நான்கு வருடம் ஆனது. அவர் குடும்பத்தோடு விமானத்தில் வந்து இறங்கினார். நான் கோபப்பட்டது சரியா? இன்னொன்றும் கேட்கவேண்டும். உலகமே அமெரிக்காவுக்குப் போக வரிசையில் நிற்கும்போது, ஓர் அமெரிக்கன் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டில் சாப்பாட்டுக்கடை வைக்க ஏன் வரவேண்டும்?

ச.,
லா கூர்னெவ்

அன்புள்ள ச.,

உங்கள் கோபம் சரிதான். சோறு இறங்காததற்கு யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. 'ஓர் அமெரிக்கன்' என்று எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டீர்கள். அந்தச் சாக்குக்குள் அடங்காத அமெரிக்கர்களும் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் வெளிநாடு போய் உணவகம் வைத்தார்கள். ஒருவர் உங்கள் நகரத்திலேயே, நீங்கள் கருவேப்பிலை வாங்கப் போகும் லா சப்பேலிலிருந்து அரைமணி நடையில்.

முதலில் மற்றவரைப் பற்றி. ஃபிரெடரிக் புரூஸ் தாமஸ் 1872-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். சொந்தமாக நிலம் வாங்கி உழுதவர்கள். கறுப்பர் கையில் விளைநிலம் இருப்பது ஒரு வெள்ளைப் பண்ணையாருக்குப் பொறுக்கவில்லை. வழக்கும் சூழ்ச்சியுமாக நிலம் கைவிட்டுப் போயிற்று, குடும்பம் சிதறியது. பையன் சிகாகோ, புரூக்ளின் என்று பரிமாறும் வேலை பார்த்துவிட்டு 1894-ல் கப்பலேறி லண்டன் போனார். பிறகு ஐரோப்பாவின் பல நகரங்களில் தட்டு ஏந்தி, 1899-ல் மாஸ்கோ போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் தலைமைப் பரிசாரகராக இருந்த புகழ்பெற்ற உணவகத்தின் பெயர் 'யார்'. தமிழில் எழுதும்போதுதான் அந்தப் பெயர் கேள்வியாகிவிடுகிறது. அவருடைய கதைக்கு அதைவிடப் பொருத்தமான பெயரும் கிடையாது.

1912-ல் மாக்சிம் என்று சொந்த இடம் திறந்தார். மிசிசிப்பி உழவர் மகன் ரஷ்யச் சீமான்களுக்கு ஷாம்பெய்ன் ஊற்றினார். ஜெர்மானிய மனைவி, பிள்ளைகள், கையில் நிறையப் பணம். 1915-ல் ரஷ்யக் குடியுரிமையும் வாங்கிவிட்டார். இரண்டே ஆண்டில் புரட்சி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. 1919 ஏப்ரலில் ஒதேசா துறைமுகத்தில் ஊரே கப்பலுக்கு அடித்துக்கொண்டு நிற்கையில், தான் அமெரிக்கன் என்று சொல்லி இடம்பிடித்துக் கான்ஸ்டான்டிநோபிள் போய் இறங்கினார். இறங்கிய சில மாதங்களிலேயே தோட்ட உணவகம் ஒன்றைப் பங்குக்கு ஆள் சேர்த்துத் தொடங்கினார். 1921-ல் அந்த நகரத்திலும் ஒரு மாக்சிம். துருக்கியர் ஜாஸ் இசை கேட்டுப் பழகியதில் அந்த இடத்துக்குப் பெரிய பங்குண்டு.

அந்த மனிதர் அமெரிக்கப் பாஸ்போர்ட் கேட்டு மனுப்போட்டார். மறுத்துவிட்டார்கள். ரஷ்யக் குடியுரிமை வாங்கியதை அவர் வாய்திறந்து சொல்லவில்லை. அவர்களுக்கும் அது தெரியாது. நாட்டோடு தொடர்பு விட்டுப்போனவர் என்று காரணம் காட்டினார்கள். அவருடைய நிறம் அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்டதில் வருகிறது. கடன் ஏறியது, கடை மூடியது. கடனுக்காகச் சிறைப்பட்ட நிலையில் 1928-ல் இறந்துபோனார்.

ச., ஓஃப்ரா என்ற பிரெஞ்சு அகதி அலுவலகத்தில் உங்களுக்கு நடந்த நேர்காணலும் அவருடைய தூதரக நேர்காணலும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கும்: நீ சொல்கிற ஆள் நீதானா? மாக்சிம் நடத்திய தாமஸ் உங்கள் தோளில் கைபோட்டு "நானும் உன்னைப் போலத்தான்" என்று சொல்லியிருந்தால் நீங்கள் இன்னொரு பிடி சோறு வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இனி பாரிஸ்காரர். லீராய் ஹேன்ஸ் 1914-ல் கென்டக்கியில் பிறந்தார். அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் படித்தவர், கால்பந்து ஆடியவர். அமெரிக்கக் கால்பந்து, முட்டி மோதுவது. ஆளும் அதற்கேற்ற பருமன். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தோடு ஐரோப்பா வந்தார். அப்போது அமெரிக்கப் படையில் கறுப்பருக்குத் தனிப் பிரிவு. அதை ஒழிக்கும் ஆணையில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948-ல்தான். ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துப் போரிட அனுப்பப்பட்டவன், தன் சொந்தப் படையின் வெள்ளைக்காரனோடு ஒரே மேசையில் சாப்பிட முடியாது. மேசை என்பது சின்ன விஷயமில்லை. நம் ஊரில் தனிக்குவளை வைத்த டீக்கடைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

ஹேன்ஸ் பாரிஸில் தங்கிவிட்டார். கேப்ரியல் என்ற பிரெஞ்சுப் பெண்ணை மணந்தார். 1949 வாக்கில் இருவருமாக ஒன்பதாம் வட்டாரத்தில் ரூ மனுவேல் என்ற தெருவில் ஒரு சின்ன உணவகம் தொடங்கினார்கள். பெயர் 'கேபி அண்ட் ஹேன்ஸ்'. பெயர்ப்பலகையில் மனைவிதான் முதலில். பொரித்த கோழி, விலா எலும்புக் கறி, சிவப்புப் பயறும் சோறும், பன்றிக்குடல், சோளரொட்டி. தென்மாநிலங்களின் கறுப்பர் வீட்டுச் சமையல் அது. எஜமானர்கள் கழித்துப்போட்ட உறுப்புகளைத் தின்னத்தக்கதாக்கிய கைகளின் சமையல். அதைக் கொண்டுபோய், தன்னைவிட யாருக்கும் சமைக்கத் தெரியாது என்று நினைக்கும் ஊரில் கடைவிரித்தார். துணிச்சல்தான். ஆனால் குடலும் கொழுப்பும் பிரெஞ்சுக்காரனுக்குப் புதிதல்ல. அவன் முகம் சுளிக்கவில்லை. ரிச்சர்ட் ரைட், ஜேம்ஸ் பால்ட்வின் போன்ற எழுத்தாளர்களும் ஜாஸ் கலைஞர்களும் அங்கே வந்தார்கள். ஊர்நினைப்பு வந்தால் அவர்களுக்குப் போக்கிடம் அதுதான். தங்களை உட்காரவிடாத ஊரின் சாப்பாட்டை, தங்களை உட்காரவைத்த ஊரில் சாப்பிட்டார்கள்.

பிறகு கேபியும் ஹேன்ஸும் பிரிந்தார்கள். 1964-ல் ஹேன்ஸ் பக்கத்திலேயே ரூ கிளோசெல், 3-ஆம் எண்ணில் மறுபடி திறந்தார். சுவர் முழுக்க வாடிக்கையாளர்களின் படங்கள். 1986-ல் இறந்தார். கடை மூடவில்லை. போர்ச்சுக்கல்காரரான அவருடைய கடைசி மனைவி 2009 வரை நடத்தினார். கணக்குப் போட்டுப் பாருங்கள், 23 ஆண்டுகள். அமெரிக்கா என்று பலகை மாட்டிய கடையில் அமெரிக்கர் இல்லாமலேயே கோழி பொரிந்துகொண்டிருந்தது.

உங்கள் மோர் விஷயத்துக்கு இங்கேதான் வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அது. தென்மாநிலங்களில் சோளரொட்டிக்கு மோர் ஊற்றுவது பழைய வழக்கம். உங்கள் முதலாளியம்மாவின் பாட்டிக்கு அது தெரிந்திருக்கக்கூடும். நடுவில் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பாட்டியின் ரகசியத்தை, அவரை அறியாமலேயே, நீங்கள் உங்கள் ஊர் அம்மியடியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கடையின் சோளரொட்டி இப்போது யாருடையது என்று அவர்களிடம் கேட்காதீர்கள். சம்பளத்தில் அது தெரிகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

சரி, உங்கள் முதலாளி. அவரையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம், பாவம். அவர் நின்ற வரிசை வேறு. பிரான்சில் தொழில் தொடங்குகிறேன் என்று 30,000 ஈரோ முதலீடும் படிப்போ அனுபவமோ காட்டுகிற வெளிநாட்டவருக்கு நான்கு ஆண்டு வரை செல்லும் வதிவிட அட்டை உண்டு. அகதி வழக்குப் போட்டவர் முதல் ஆறு மாதம் வேலை கேட்கவே முடியாது. இரண்டு பேரும் அந்த அட்டைகளைக் கொடுக்கும் அரசு அலுவலகமான பிரெஃபெக்சரின் ஒரே கட்டடத்துக்குள்தான் போகிறார்கள், வேறு வேறு ஜன்னலுக்கு. நம் பழைய இலக்கணக்காரர்கள் பொருள்வயிற் பிரிவு என்று ஒன்றை வகுத்து வைத்தார்கள். ஓதப் போவது, தூது போவது, போருக்குப் போவது என்று மற்ற பிரிவுகளுக்கும் பெயர் வைத்தார்கள். உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுவதை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. உங்கள் முதலாளியுடையது பொருள்வயிற் பிரிவு. அதில் குற்றமொன்றும் இல்லை, ஆனால் அதற்கு உங்கள் சொல்லை அவர் எடுத்திருக்க வேண்டாம்.

அவருக்கும் தலைவலிகள் உண்டு. அமெரிக்கக் குடிமகன் உலகின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் ஆண்டுதோறும் அமெரிக்க அரசுக்கு வருமானக் கணக்குக் காட்டவேண்டும். இப்படிக் குடியுரிமையைப் பிடித்துக்கொண்டு வரி கேட்கும் நாடு அதைத் தவிர எரித்ரியா ஒன்றுதான். வெளிநாட்டு வங்கிகளில் எல்லாமாகச் சேர்த்து 10,000 டாலர் தாண்டினால் அதற்கும் தனியாக ஒரு படிவம். வெளிநாட்டு வங்கிகள் அமெரிக்கர்களின் கணக்கு விவரத்தை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2010-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஐரோப்பிய வங்கிகள் சில அமெரிக்கர் என்றாலே கணக்குத் திறக்கத் தயங்குகின்றன. முதலாளியம்மா நள்ளிரவில் மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருந்தால் அது கடைக் கணக்காக மட்டும் இருக்காது.

அவர்களுடைய ஊரில், டிப்ஸ் வாங்கும் பரிசாரகருக்கு மத்திய அரசு வகுத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அது நகரவில்லை. மிச்சத்தை வாடிக்கையாளர் மேசையில் வைத்துவிட்டுப் போகவேண்டும். பிரான்சில் சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, ஊழியருக்கு முழுக் கூலி, விடுப்பு, மருத்துவக் காப்பீடு. முதலாளிக்கு இது செலவு. ஆனால் அவருடைய மகளுக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவச் செலவுக்குக் கடையை அடகு வைக்கவேண்டாம். அவர் ஏன் வந்தார் என்பதற்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கலாம். மீதிப் பாதி, ஒரு கோடை விடுமுறையில் பாரிஸைப் பார்த்து மயங்கியதாக இருக்கும். உணவகம் வைப்பவர்களில் பாதிப் பேர் மயக்கத்தில்தான் வைக்கிறார்கள். என் பெரியப்பா மெஸ் வைத்தது, தன் ரசத்தை நாலு பேர் புகழ்ந்துவிட்டதால். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் அவர் எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் உட்காரவில்லை. தலைகாட்டிவிட்டுக் கல்லாவுக்கு ஓடிவந்தார்.

எனக்கு உங்கள் கடிதத்தில் இடறுகிறவள் அந்தச் சிறுமி. தந்தைக்குத் திரும்பிப்போக ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. நஷ்டம் வந்தால் கடையை விற்றுவிட்டு விமானம் ஏறுவார். தாமஸுக்கு அந்த வாசலைச் சாத்திவிட்டார்கள், உங்களுக்கு அது எரிந்துபோனது. ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரெஞ்சில் வகுத்தல் கணக்குப் போடுகிறவளுக்கு அமெரிக்கா என்பது பாட்டி இருக்கும் இடம், அவ்வளவுதான். பத்து வருடம் கழித்து அவளிடம் "உன் ஊர் எது" என்று கேட்டால் உங்கள் பிள்ளைகள் விழிப்பது போலவே விழிப்பாள். புலம்பெயர்ந்தவர் என்ற சொல்லை அந்த வீட்டில் யாருக்காவது கொடுக்கவேண்டும் என்றால் நான் அவளுக்குக் கொடுப்பேன். அதுவும் சும்மா இல்லை. நீங்கள் சோளரொட்டி செய்யும்போது அவள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால்.

முதலாளி மறுபடியும் அப்படிச் சொன்னால் கோபிக்காதீர்கள், சிரிக்கவும் வேண்டாம். ஹேன்ஸைத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றால் அவருக்குச் சொல்ல உங்களிடம் ஒரு கதை இருக்கிறது. அவருடைய நாட்டுக் கதை, அவருடைய தொழில் கதை, நீங்கள் சொல்லி அவர் கேட்கட்டும்.

அதற்கு முன் ஒரு வேலை. விடுமுறை நாளில் லா சப்பேலில் இறங்கி, பார்பெஸ் தாண்டி, ரோஷ்சுவார் பெருஞ்சாலை வழியாக நடந்து ரூ தே மார்த்தீரில் கீழே இறங்குங்கள். தியாகிகள் தெரு என்று பொருள், உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சரிவில் வலதுகைப் பக்கம் ரூ கிளோசெல் பிரியும். 3-ஆம் எண்ணில் இப்போது என்ன கடை இருக்கிறது, உள்ளே அடுப்படியில் நிற்பது எந்த ஊர்க்காரர் என்று விசாரித்து எழுதுங்கள்.