ஹோஸ் மாற்றிய பிறகு என்ஜின் கொதித்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றுதான் பொருளா?

ரேடியேட்டர் ஹோஸ் மாற்றிய பிறகு வண்டி சூடேறுவதாகவும், மெக்கானிக் ஹெட் கேஸ்கெட், அதாவது என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு, போய்விட்டது என்று ஹெட்டைக் கழற்றச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வெறும் ஏர் லாக்காக (நீர் ஓடும் பாதையில் காற்று மாட்டிக்கொள்வது) இருக்க வாய்ப்புண்டா, இருந்தால் அதை எப்படி எடுப்பது என்பது உங்கள் கேள்வி. நிச்சயம் வாய்ப்புண்டு. ஹோஸ் மாற்றும் வரை ஒழுங்காக ஓடிய வண்டி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியதே அதைத்தான். நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். சொந்த வண்டியைச் சொந்தக் கையால் பார்த்துக்கொள்பவன், அவ்வளவுதான். கேஸ்கெட் பழுது என்பதே பொய் என்றும் நான் சொல்லவில்லை. எளியதைப் பார்த்து முடிக்காமல் பெரிய செலவுக்குத் தலையாட்ட வேண்டாம் என்கிறேன்.

எனக்கும் இதே கதை நேர்ந்தது. சேலத்தில் ஒரு பட்டறையில் கீழ் ஹோஸை மாற்றிக்கொண்டு, குடும்பத்தோடு ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதிகூட ஏறியிருக்க மாட்டோம், டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது, பிறகு காரணமே இல்லாமல் சடாரென்று கீழே விழுந்தது. என்ஜின் சூட்டைக் கொஞ்சம் இறக்கலாம் என்று ஹீட்டரை முழுதாகத் திருகினேன்; வந்ததோ குளிர்ந்த காற்று. என்ஜின் கொதிக்க, ஹீட்டர் மட்டும் சில்லென்று ஊதினால், ஹீட்டரின் சிறு குழாய்களுக்குள் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) போகவில்லை என்று பொருள். முள் விழுந்ததும் அதே கணக்குத்தான்: சென்சாரைச் சுற்றி நீர் இல்லாமல் காற்று நின்றால் அது காட்டும் அளவை நம்ப முடியாது. ஓரங்கட்டி நிறுத்தி, நன்றாக ஆறிய பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே நீர் கண்ணுக்கே தெரியவில்லை. ரேடியேட்டரோடு குழாயால் இணைந்த ரிசர்வ் பாட்டிலிலோ மேல் கோடு வரை இருந்தது.

குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு மெதுவாக இறங்கிப் பட்டறைக்கு வந்தபோது, அவர்கள் அந்தப் பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டு, “தண்ணி குறையவே இல்ல சார், ஆனாலும் கொதிக்குது, அப்ப கேஸ்கெட்தான்” என்று தீர்ப்புச் சொன்னார்கள். பாட்டில் நிறைந்திருப்பது ரேடியேட்டர் நிறைந்திருப்பதற்குச் சாட்சி ஆகாது. நீர் சூட்டில் விரிந்தாலும் உள்ளே மாட்டிய காற்று அமுங்கி இடம் கொடுத்துவிடுவதால், பாட்டிலுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே நடக்க வேண்டிய போக்குவரத்து மந்தமாகிவிடுகிறது. வாட்டர் பம்ப் நீரைத் தள்ளுமே தவிரக் காற்றைத் தள்ளாது. ஆகவே காற்று ஹெட், தெர்மோஸ்டாட் கூடு, ஹீட்டர் போன்ற உயரமான இடங்களில் போய்த் தங்கிவிடும். என்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்கு நீரை விடாமல் அடைத்து வைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதன் மெழுகு உருகித் திறக்க வேண்டுமானால் சூடான நீர் அதைத் தொட வேண்டும்; காற்று சூழ்ந்திருந்தால் தாமதமாகவே திறக்கும்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் காலை என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருந்தபோது நானே காற்றை எடுத்தேன். முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி சரிவில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தேன். ஏசியை அணைத்து, ஹீட்டரைச் சூட்டின் உச்சத்துக்குத் திருப்பினேன். நீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட்டை மெல்லிய தாரையாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டேன். ஒவ்வோர் அமுக்கலுக்கும் வாயில் குமிழிகள் வந்து உடைந்தன. பிறகு மூடியைப் போடாமலேயே என்ஜினை ஐடிலில் ஓடவிட்டுக் காத்திருந்தேன். சில நிமிடங்கள் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். திடீரென்று மேல் ஹோஸ் சுடும், ‘குளுக்’ என்ற ஒலியோடு ரேடியேட்டர் வாயில் நீர்மட்டம் ஒரு விரல் அளவு இறங்கும். தெர்மோஸ்டாட் திறந்த கணம் அதுதான். அந்த நேரத்தில் கூலன்ட்டோடு அருகிலேயே இருக்க வேண்டும். ஊற்ற ஊற்ற இறங்கி, ஃபேன் ஒருமுறை ஓடி நின்று மறுமுறை ஓடும் வேளையில் குமிழிகள் நின்றன, ஹீட்டரும் அனலாக ஊதியது. மூடியைப் போட்டு, ஆறிய பின் மீண்டும் மட்டம் பார்த்தேன். கேஸ்கெட் இன்றுவரை பழையதுதான்.

சில கார்களில் தெர்மோஸ்டாட் கூட்டிலோ ஹோஸிலோ காற்றை வெளியேற்றுவதற்கான பிளீட் ஸ்க்ரூ இருக்கும். பழைய பிஎம்டபிள்யூக்களில் அது கூலன்ட் டாங்கின் மூடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் தளர்த்தி, குமிழி இல்லாத தாரை வரும் வரை விட்டு மூடினால் வேலை எளிது. எந்த வண்டியானாலும் என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள். மூடியில் 0.9 என்று பொறித்திருந்தால் அந்த அழுத்தத்தில் வெறும் நீர்கூட ஏறத்தாழ 118 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். திறந்த மறுநொடி கொதிநீரும் ஆவியும் சீறி முகத்தில் அடிக்கும்.

உண்மையிலேயே கேஸ்கெட் போயிருந்தால் அடையாளங்கள் வேறு. குமிழிகள் எவ்வளவு நேரமானாலும் நிற்காது; மூடியைப் போட்டுக் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும்; கூலன்ட் கசிவே தெரியாமல் குறைந்துகொண்டே போகும்; சில சமயம் ஆயில் பால்காப்பி நிறத்துக்கு மாறும். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் ஒன்று உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றச் சொல்பவரிடம் முதலில் இந்தச் சோதனையைக் கேளுங்கள்.

இன்னொரு மனக்குறையும் உண்டு. கேஸ்கெட்டுக்கு நான் சம்மதிக்காததும், “நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார், கழட்டிப் போட்டுடலாம்” என்றார்கள். இந்த ஆலோசனையை எத்தனை பட்டறைகளில் கேட்டிருக்கிறேன்! வெளியே 40 டிகிரி அடித்தாலும் என்ஜினுக்கு அது குளிர்தான். அது 85, 90 டிகிரியில் வேலை செய்யவே வடிவமைக்கப்பட்டது. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும். ஏர் லாக்கையும் அது தீர்க்காது. புதிதாக மாட்டும்போதும் கவனம் வேண்டும்: பல தெர்மோஸ்டாட்டுகளின் விளிம்பில் காற்று வெளியேறுவதற்கென்றே ஒரு சிறு துளையும் அதில் ஆடும் ஊசியும் இருக்கும், அது மேல்புறம் வரும்படி பொருத்த வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் அடுத்த முறை கூலன்ட் ஊற்றும்போது காற்று மீண்டும் மாட்டும்.

உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சற்று நேரம் பெரிதாகச் சூடேறாமல் இருந்து பிறகு சட்டென்று சுட்டால் இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே என்ஜினோடு சேர்ந்து சிறுகச் சிறுக வெதுவெதுப்பானால், உங்களைக் கேட்காமலேயே யாரோ கழற்றியிருக்கலாம்.