இரவு பத்து மணிக்கு வரும் பசி

கேள்வி: எனக்கு 46 வயதாகிறது. கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரவுப் பணி பார்க்கிறார். ஒரே மகன் சென்ற ஆண்டு கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். அதிலிருந்து, எட்டு மணிக்கே சாப்பிட்டு முடித்தாலும் பத்து மணிக்கு மறுபடியும் பசிக்கிறது. அடுக்களையில் நின்றபடியே மிக்சரையும் நிப்பட்டையும் டப்பா காலியாகும்வரை தின்றுவிட்டு, பிறகு என்னையே நொந்துகொள்கிறேன். எடை கூடியதால் காலையில் காபி மட்டும் குடிக்கிறேன், மதியமும் அரைவயிறுதான். நாக்கைக் கட்ட முடியாத பலவீனமா இது?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: சகோதரி, இதைப் பலவீனம் என்று நான் சொல்லமாட்டேன். உடலின் பசியும் மனத்தின் தேவையும் ஒரே நேரத்தில் வந்து நிற்பதால், எது எது என்று உங்களுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

உடலின் பசியை வளர்ப்பது நீங்களேதான். பகல் முழுவதும் வயிற்றைக் காயப்போட்டால், இரவில் அது சேர்த்துவைத்துக் கேட்கத்தான் செய்யும். இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன் மூளைக்குப் பசியை உணர்த்துகிறது. வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பே அது உயரப் பழகிவிடுவதால், மாதக்கணக்கில் பத்து மணிக்குத் தின்று பழகிய உடம்பு அந்த நேரத்தில் தானாகவே கேட்கிறது. ஆகையால் காலையில் கேழ்வரகுக் கூழோ இட்லியோ, மதியம் களியும் கீரைக் கடைசலுமோ வயிறாரச் சாப்பிடத் தொடங்குங்கள். எடையைப் பற்றிய கவலையைச் சில வாரங்களுக்குத் தள்ளிவைக்கலாம்.

அதற்குப் பிறகும் மிஞ்சுவதே மனம் கேட்பது. மகன் வீட்டில் இருந்த நாட்களில் பத்து மணிக்கு என்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். படித்துக்கொண்டிருந்தவன் எழுந்துவந்து, அதே டப்பாவைத் திறந்து கொறித்தபடி உங்களோடு நாலு வார்த்தை பேசியிருப்பானோ என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் இப்போது உங்கள் கை டப்பாவைத் தேடிப் போவதில் வியப்பு ஒன்றுமில்லை.

இன்றிரவு டப்பாவின் மூடியைத் திறக்கும் முன், ‘மதியம் மிஞ்சிய களியை மோரில் கரைத்துக் கொடுத்தால் குடிப்பேனா?’ என்று உங்களையே கேளுங்கள். குடிப்பேன் என்று தோன்றினால் அது வயிற்றுப் பசி. தயங்காமல் கரைத்து, உட்கார்ந்து குடியுங்கள். அந்தப் பசி சிறுகச் சிறுக ஏறும். வயிறு இரையும், உடல் சோரும். எது கிடைத்தாலும் போதும் என்றிருக்கும். களி வேண்டாம், நிப்பட்டுதான் வேண்டும் என்று தோன்றினால், அந்த ஆசை பெரும்பாலும் வயிற்றிலிருந்து வருவதில்லை. அது திடீரென்று நாக்கில் எழும், வயிறு நிறைந்த பின்பும் நிற்காது.

அதற்காக நிப்பட்டை ஒரேயடியாக விலக்க வேண்டாம். விலக்கி வைத்த பண்டத்தின்மீது ஆசை இன்னும் கூடும். இரண்டை மட்டும் தட்டில் எடுத்துக்கொண்டு, டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, வேறொரு இடத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கடித்துத் தின்னுங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிடங்கள் ஆகும். நின்றபடி வாரி வாயில் போடும்போது அதற்குள் டப்பா காலியாகிவிடுகிறது.

சர்க்கரை நோயும் மிகுபசியைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதங்களாக, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாத அளவுக்கு மிகுதியாக உண்ணும் நிலை இருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோயாக இருக்கலாம். அப்போது மனநல மருத்துவரைப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.

இன்னொன்று: மகன் உங்களைத் தொலைபேசியில் அழைக்கும் நேரத்தை இரவு பத்து மணிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று அவனிடமே கேட்டுப் பாருங்கள்.