பின்கட்டுக்கு வைஃபை எட்டவில்லை, 10,000 ரூபாய்க்குள் எந்த ரவுட்டர் வாங்கலாம்?

'பின்கட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து வீடு என்று தெரிந்துவிட்டது. முகப்பில் ஃபைபர் பெட்டி. அதை மாட்டியவர் நடையைத் தாண்டி உள்ளே வந்திருக்க மாட்டார். வளவு (முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டு) வரைக்கும் ஏதோ வருகிறது, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டில் போனில் ஒரு கோடு கூட நிற்பதில்லை. சரிதானே? இதே நிலையில் இருந்துகொண்டு, 6,800 ரூபாய்க்கு ஆறு கொம்பு வைத்த ரவுட்டர் வாங்கியவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு பள்ளத்தூர் பக்கம். ஐயாவின் அப்பச்சி பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்தப் போன காலத்தில் கட்டியது. இந்தத் தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். சுவர் இரண்டடி கனம், உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்பு. 2020இல் சென்னை அலுவலகம் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொன்னதும், ஆத்தா தனியாக இருக்கிறார்களே என்று இங்கே வந்தேன். வளவைச் சுற்றி உள்ள அறைகள் பங்காளிகளுடையவை, எல்லாம் பூட்டு. எங்கள் பங்குக்கு இருக்கும் ஒரே அறையில் ஆத்தாவின் சீர் சாமான், தரையிலிருந்து உத்தரம் வரை எவர்சில்வர். ஆகவே எனக்கு மேசை போட இடம் கிடைத்தது இரண்டாம் கட்டில்தான்.

முதல் மாதமே அழைப்பில் என் குரல் அறுந்து அறுந்து போகிறது என்று புகார். காரைக்குடியில் கடைக்குப் போனேன். கடைத் தம்பி, "அண்ணே, இதுல ஆறு ஆன்டெனா, சுவரெல்லாம் தொளச்சிட்டுப் போகும்" என்றார். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆறு என்றால் மூன்றைவிட இரண்டு மடங்கு என்று நினைத்துவிட்டேன்.

வாங்கி வந்து முகப்பில் மாட்டினேன். சிக்னலை அளந்து காட்டும் செயலி ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து நடந்தேன். அதில் வரும் எண் மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 70ஐத் தாண்டிக் கீழே போனால் வீடியோ அழைப்பு திணற ஆரம்பிக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் மைனஸ் 40. வளவில் முற்றத்து ஓரம் மைனஸ் 60 சொச்சம். இரண்டாம் கட்டு நிலைவாசலைத் தாண்டி ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்ததும் மைனஸ் 81. பழைய பெட்டியில் அதே இடத்தில் மைனஸ் 84. மூன்று புள்ளிக்கு 6,800 ரூபாய்.

ஆனால் அப்படி நடந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. நம் வீடுகளில் முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும், நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோடு. அந்தக் கோட்டில் நிற்கும்வரை சிக்னல் வருகிறது. விலகினால் சுவர் குறுக்கே வருகிறது, விழுந்துவிடுகிறது. ராத்திரி கதவுகளை அடைத்தால் கோட்டிலும் குறைகிறது. கொம்பு எத்தனை இருந்தாலும் ரவுட்டர் எவ்வளவு சத்தமாகப் பேசலாம் என்பதற்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. அப்படியே அது உரக்கக் கத்தினாலும், உங்கள் போன் திருப்பிச் சொல்வது சன்னக் குரலில். அதுவும் அதே இரண்டடிச் சுவரைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும்.

'2.4 கிகாஹெர்ட்ஸில் போட்டிருந்தால் எட்டியிருக்குமே' என்று யாராவது சொல்வீர்கள். போட்டேன். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைவிடச் சுவரைத் தாண்டும், உண்மைதான். ஒரு சுவருக்கு ஓகே. எனக்குக் குறுக்கே மூன்று. 'ரிப்பீட்டர் வைக்கலாமே' என்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மச்சினன் கொண்டுவந்த ரிப்பீட்டரை வளவில் வைத்துப் பார்த்தேன். ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பிக் கொடுக்கிற ரகம் அது. வேகம் பாதியைவிடக் கீழே போனது. பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபை தரும் மெஷ் என்றாலும், அந்தப் பெட்டிகள் கம்பி இல்லாமல் பேசிக்கொண்டால் நடுவில் அந்தச் சுவர் அவற்றுக்கும் உண்டு. ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு மெஷ் அருமையான சாதனம், நான் மறுக்கவில்லை.

கடைசியில் தீர்த்து வைத்தது ஒரு கேபிள். முகப்புப் பெட்டியிலிருந்து இரண்டாம் கட்டு வரை கேட்6 என்ற நெட்வொர்க் வயர், 40 மீட்டர், மீட்டர் 30 ரூபாய். இந்த வயர் 100 மீட்டர் வரை தாங்கும், நம் வீடுகளுக்கு அது போதும். ஆறு கொம்பனை முகப்பிலிருந்து கழற்றி வயரின் மறுமுனையில் மாட்டினேன். இப்போது என் மேசையில் மைனஸ் 45.

வயர் போட்ட கதைதான் பெரிய கதை. வளவுக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுச்சுவரில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு துளை போட வேண்டும் என்றார் எலக்ட்ரீஷியன். பொதுச் சுவர், ஆறு பங்கு. கேட்காமல் செய்யக்கூடாதே என்று பெரியப்பச்சி மகன் அண்ணனுக்குப் போன் போட்டேன். "தம்பி, சுவத்துல மட்டும் கை வைக்காத. முட்டை வெள்ளைக்கரு பூச்சுப்பா அது. இப்ப அந்த மாதிரி யார் பூசுறா?" என்றார். அரை மணி நேரம் பாரம்பரியம் பற்றிப் பேசினார். நானும் "சரிண்ணே, சரிண்ணே" என்று கேட்டுக்கொண்டேன்.

அதே அண்ணனிடம்தான் அதற்கு முந்தின ஐப்பசியில், அடுப்படி மேல் நாட்டு ஓடு சரிந்து மழை உள்ளே இறங்குகிறது, பங்குக்கு இவ்வளவு வரும் என்று சொல்லியிருந்தேன். பார்க்கலாம் என்றார். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓடு மாற்றியது நான், ஒட்டடை அடிக்க ஆள் வைத்தது நான், தோட்டத்துப் பக்கம் பாம்பு வந்தால் ஓடுவதும் நான். படைப்புக்கு (முன்னோருக்குப் படையல் போடும் நாள்) வருகிறவர்கள் சாமி வீட்டில் விழுந்து கும்பிட்டு எழுந்து முதலில் கேட்பது, "பாஸ்வேர்டு என்னப்பா?" கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரியும். ஆனால் பழைய வீட்டில் குடியிருப்பவனிடம் ரவுட்டரைப் பற்றிக் கேட்டால் இதெல்லாம் சேர்ந்துதான் வரும்.

துளை போடவில்லை. நிலைக்கு மேலே வெளிச்சம் வர விட்டிருக்கும் கம்பி ஜன்னல் வழியாக விட்டு, வளவுத் தாழ்வாரத்தில் பழைய மின்கம்பி ஓடும் மரப்பட்டிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தள்ளி ஓட்டினோம். முற்றத்தின் குறுக்கே திறந்தவெளியில் கட்ட வேண்டாம், மின்னல் நாளில் வம்பு.

நான் செய்த இரண்டு தப்பை நீங்கள் செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியன் முனையில் எட்டு இழைக்குப் பதில் நாலு இழையை மட்டும் சேர்த்துப் பிளக் போட்டிருந்தார். நெட் வேலை செய்தது. ஆனால் 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் என்ன முட்டினாலும் 94ஐத் தாண்டவில்லை. ஒரு வாரம் ஃபைபர்காரரோடு சண்டை போட்டபிறகுதான் பிளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், உள்ளே நாலு நிறம்தான் இருந்தது. நாலு இழைக்கு 100தான் உச்சம். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்தது, புது ரவுட்டரை அப்படியே மாட்டிவிட்டேன். அது தனக்கென்று தனி நெட்வொர்க் நடத்த, முகப்பில் இருக்கும் பிரிண்டர் என் மடிக்கணினிக்குத் தெரியவே இல்லை. செட்டிங்கில் அக்சஸ் பாயின்ட் மோட் (முகப்புப் பெட்டியின் நெட்வொர்க்கையே நீட்டிக் கொடுக்கும் முறை) என்று மாற்றியதும் சரியானது. இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும்.

சரி, எந்த ரவுட்டர் என்று கேட்டீர்கள். கம்பெனி பெயர் சொன்னால் கமிஷனா என்பீர்கள், அதனால் சொல்லவில்லை. வைஃபை 6, இரண்டு அலைவரிசை (2.4, 5), எல்லாப் போர்ட்டும் கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்), அக்சஸ் பாயின்ட் மோட். இவை இருக்கும் பெட்டி 10,000இல் பாதிக்கே கிடைக்கும். வைஃபை 6 என்பதால் தூரம் கூடிவிடாது. நாற்பது போன் ஒரே நேரத்தில் இழுக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். மிச்சப் பணத்தில் வயரும், கரண்டு போகும் நாளுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் இரண்டும் வாங்குங்கள். முனைக்கு ஒன்று வேண்டும், முகப்புப் பெட்டி அணைந்தால் பின்னால் இருப்பது எரிந்து பயனில்லை.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டிருந்தார். அடுத்த படைப்புக்கு மேல்மாடி அறையில் தங்கப் போகிறாராம், அங்கே வைஃபை வருமா என்று கேட்டார். மீட்டர் 30 ரூபாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஓடு மாற்றிய கணக்கையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.